முட்டுக்கு மரியாதை தெரியாது

அந்த மேடம் யாரையும் "நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. ஆள் வரும்போதே முதலில் காலைப் பார்ப்பார். அப்புறம் இடுப்பு, அப்புறம் கழுத்து. முகத்துக்கு வந்து சேர்வதற்குள், வணக்கம் வைத்த எதிராளியின் கை தானாக இறங்கியிருக்கும். "வாய்க்கு மரியாதை தெரியும் அண்ணாச்சி. கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லும். முட்டுக்கு மரியாதை தெரியாது" என்பார். முட்டு என்றால் அவர் ஊரில் முழங்கால். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அந்தப் பேச்சை விடவில்லை. இந்தியைக்கூட அதே இழுப்பில்தான் பேசினார்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் கம்யூனிட்டி ஹாலில் காலை ஆறு மணிக்கு அவர் எக்சர்சைஸ் கிளாஸ் நடத்திவந்தார். வருகிறவர்கள் எல்லாரும் சர்க்கார் ஆட்கள். குமாஸ்தாக்கள், செக்‌ஷன் ஆபீசர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ரிட்டயர் ஆன ஒன்றிரண்டு பேர். நான் ஒரு அமைச்சகத்தில் ஸ்டாஃப் கார் டிரைவர். பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. பின் சீட்டில் பேசுவதை முன் சீட்டில் கேட்டுக் கேட்டே எனக்கு உலகம் கொஞ்சம் தெரியும். யார் சொன்னாலும், சொல் நன்றாக இருந்தால் மனசில் குறித்துவைத்துக்கொள்வேன். மேடம் சொன்னவை மட்டுமே ஒரு நோட்டுப் புத்தகம் தேறும்.

என்னை அவர் பிடித்தது மலை மந்திர் முருகன் கோயில் படியில். கிருத்திகை நாள், நல்ல கூட்டம். நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அர்ச்சனைத் தட்டோடு ஏறி வந்த பெண்மணி எனக்கு முன்னால் நின்றுவிட்டார். முன்பின் தெரியாதவர்.

"அண்ணாச்சி, பின் பாக்கெட்ல வச்சிருக்கது பர்ஸா, செங்கலா?"

பர்ஸ்தான். லைசென்ஸ், மூன்று சர்க்கார் பவன்களின் கேட் பாஸ், பெட்ரோல் சீட்டுகள், முருகன் படம், மாமனார் படம் எல்லாம் சேர்ந்து மூன்று விரல் கனம். இருபத்திரண்டு வருஷமாக டில்லியை ஒரு பக்கம் உயர்ந்து உட்கார்ந்துதான் சுற்றியிருக்கிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முன் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள், ஒரு வாரம் கழித்து இடுப்பு என்ன சொல்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்று ஹாலுக்கு வழி சொல்லிவிட்டு சாமி பார்க்கப் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் பாதி வலி போய்விட்டது. ஊரிலிருந்து மச்சான் கொண்டுவந்த தைலம்தான் காரணம் என்று ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். தைலம் காசு கொடுத்து வாங்கியது. பர்ஸை இடம் மாற்றியது இலவசம். இலவசத்தைப் போய் யார் புகழ்வார்கள்?

கிளாஸில் சேர்ந்த முதல் நாள், டிரைவருக்குப் புரிகிற மாதிரி எனக்குப் பாடம் எடுக்க நினைத்தார். வண்டியில் சத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். சர்க்கார் வண்டி மேடம், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்போம், ஒர்க்‌ஷாப் அனுமதி வர மூன்று மாசம் ஆகும் என்றேன். அவர் சொல்ல வந்த உதாரணம் அங்கேயே படுத்துவிட்டது. "அப்ப உங்க இடுப்பும் சர்க்கார் இடுப்புதான்" என்றார்.

இவர் எங்கே கற்றார் என்பதைப் பற்றி ஹாலில் மூன்று கதைகள் இருந்தன. ஓட்டப்பந்தய வீராங்கனை, கால் போய்விட்டது என்று ஒன்று. கேரளத்தில் வைத்தியரிடம் இருந்தார் என்று ஒன்று. வெளிநாட்டுப் படிப்பு என்று மற்றொன்று. நானே ஒரு நாள் கேட்டுவிட்டேன். முனிர்க்காவில் ஒரு ஜிம்மில் நாலு வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாராம். வேலை, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவது. "உள்ள போகும்போது எல்லாரும் நல்லாத்தான் நடந்து போவாங்க. வெளிய வரும்போது ஒவ்வொருத்தரா நொண்டுவாங்க. முகத்துல மட்டும் ஜெயிச்ச சிரிப்பு. நாலு வருஷம் பாத்தேன் அண்ணாச்சி. அதுக்குமேல என்ன படிக்கணும்?" அப்புறம் ஏதோ தபால் வழியில் ஒரு சர்ட்டிபிகேட்டும் வாங்கியிருந்தார். அதை யாருக்கும் காட்டியதில்லை.

அவருடைய கிளாஸில் எண்ணக் கூடாது. இது பெரிய கொடுமை. சர்க்கார் ஆளிடம் எண்ணாதே என்றால் என்ன செய்வான்? பத்து தடவை உட்கார்ந்து எழு என்றால் பத்தாவதோடு கடமை முடிந்தது. இவரோ, உட்காருங்கள், எழுந்திருங்கள், தொடையில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள், போதும் என்று அது சொல்லும்போது நிறுத்துங்கள் என்பார். "எண்ண ஆரம்பிச்சா மனசு பத்துக்குப் போயிரும். உடம்பு மூணுலயே நின்னுட்டிருக்கும்." எங்களில் பாதிப் பேருக்கு உடம்பு இரண்டாவதிலேயே போதும் என்று சொல்லிவிட்டது. உடம்பு சொல்வதைக் கேட்கிறோம் என்று சுவரோரம் உட்கார்ந்து பிளாஸ்க் டீயைத் திறந்தோம். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்து, அது உடம்பு இல்லை, வாய் என்றார்.

வெளியிலும் அவர் சும்மா இருந்ததில்லை. தெரிந்தவர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் மேடை ஏறி மணப்பெண்ணின் காதில் நீளமாக ஏதோ சொன்னார். பின்னால் வரிசை தேங்கி நின்றது. எல்லாரும் வாழ்த்து என்று நினைத்தோம். செருப்பைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவிடு, புடவை மறைத்துக்கொள்ளும் என்றாராம். அதற்கப்புறம் எடுத்த போட்டோக்களில்தான் அந்தப் பெண் சிரிக்கிறது என்று அவள் அம்மாவே பிறகு காட்டினார்.

ஆனால் எல்லாருக்கும் அது இனிக்கவில்லை. என் மனைவி ஒரே ஒரு நாள் வந்தாள். ஏதோ பேச்சுக்குச் சிரித்தாள். மேடம் அவளைக் கூர்ந்து பார்த்து, "சிரிக்கும்போது வயித்த உள்ள இழுக்கீங்களே, யாருக்குப் பயம்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள், நம் வீட்டு விஷயம் அந்தப் பொம்பளையிடம் என்ன சொன்னாய் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. இரண்டாம் நாள் வரவும் இல்லை. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாததை இன்னொருவர் பார்த்துவிடுவது அப்படி ஒன்றும் சுகமான விஷயம் இல்லை.

கிளாஸ் தொடங்கும்போது 'ஹாஜரி' என்று ஒன்று உண்டு. பேர் சொல்லிக் கூப்பிடும் ஹாஜரி இல்லை. கண்ணை மூடி நின்று, இன்றைக்கு என் உடம்பு இதைச் சொல்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்ல வேண்டும். நல்ல யோசனைதான், வேறு ஊராக இருந்தால். எங்கள் ஆட்கள் ஒரே வாரத்தில் அதை ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். "இடது தோள், பரிசீலனையில் உள்ளது." "வலது முழங்கால், நேற்றைய நிலையே நீடிக்கிறது." செக்‌ஷன் ஆபீசர் மிஸ்ராஜி ஒருபடி மேலே போய் ஒரு ரிஜிஸ்டரே கொண்டுவந்தார். வரிசை எண், பெயர், உறுப்பு, நிலை, கையெழுத்து. கடைசியில் மேடம் எழுத வேண்டிய 'குறிப்பு' என்று ஒரு பத்தி. கோடு போட்டு, அட்டை போட்டு, சிவப்பு நாடாவும் கட்டிவிட்டார். பத்து நாளில் எல்லாரும் முந்தின நாள் வரியைப் பார்த்து 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக ஷூ கழற்றப் போனார்கள். உடம்பைக் கேட்கிற வேலை மிச்சம்.

மேடம் அதைத் தொடவே இல்லை. குறிப்புப் பத்தி வெள்ளையாகவே கிடந்தது. மிஸ்ராஜி ஒவ்வொரு நாளும் பேனாவை நீட்டுவார். அவர் ஒவ்வொரு நாளும், என் கண்ணுக்கு முன்னால் ஆள் நிற்கும்போது காகிதத்தில் எதற்கு எழுத வேண்டும் என்பார்.

ரிஜிஸ்டரில் 'மேற்படி' போடாத ஒரே மனிதர் சுபேதார். தினமும் முழுசாக 'சப் டீக்', எல்லாம் நலம் என்று எழுதி, அடியில் கோடும் போடுவார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி, ஒரு சர்க்கார் கட்டிடத்தில் செக்யூரிட்டி பொறுப்பில் இருந்தார். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். ஹால் சாவியை மேடத்துக்குக் கொடுத்ததே அவர் கைதான். கிளாஸில் எண்ணாமல் இருக்கவே முடியாது அவரால். ஏக், தோ, தீன் என்று உள்ளுக்குள் ஓடும். சார், உங்கள் உதடு மட்டும்தான் எக்சர்சைஸ் செய்கிறது என்று மேடம் சொல்லும்போது எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். நல்ல மனுஷர்.

அந்த வருஷம் பனி விலகிய சமயம். ஒரு நாள் காலை எல்லாரும் வரிசையில் நின்றபிறகு, மேடம் சுபேதாருக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், வாசல்ல ஒட்டியிருக்க நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்கு?"

"எந்த நோட்டீஸ்?"

"பத்து நாளா தெனம் நின்னு படிக்கீங்கள்லா, அது."

சுபேதார் திரும்பி வாசலைப் பார்த்தார். தண்ணீர் டேங்கர் வரும் நேரம் மாறிய நோட்டீஸ் அது. அதை ஒட்டச் சொன்னவரே அவர்தான்.

"நீங்க நோட்டீஸ் படிக்கல சார். மூச்சு வாங்க நிக்கீங்க. கேட்லேர்ந்து வாசலுக்கு அம்பது அடி. அத ஒரே நடையில வர முடியல உங்களால. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போயிட்டு வந்தாத்தான் கிளாஸ்."

"என்னாம்மா சொல்ற? மைனஸ் நாப்பதுல மூட்டை தூக்கினவன் நானு."

"அப்ப தூக்குனீங்க. இப்ப நோட்டீஸ் படிக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுபேதார் முகம் சிவந்து, ரிஜிஸ்டரில் பார்த்துக்கொள், நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று இந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேடம் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை. ஹால் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று கிளாஸ் இல்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்தார். மூன்றாம் நாள் எங்களுக்கே எரிச்சல் வந்துவிட்டது. உடம்பு சொல்வதைக் கேள் என்று சொன்னதற்காக அவரைக் கொண்டாடிய கூட்டம், அடுத்தவர் உடம்பு சொல்வதை இவர் ஏன் கேட்கிறார் என்று முணுமுணுத்தது. சாவி கொடுத்தவரையே வெளியே நிறுத்துவதா என்றும் ஒருவர் கேட்டார்.

அன்று சாயங்காலம் சுபேதார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தம்மா மூக்கை உடைக்கிற மாதிரி டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், கூட வா தம்பி என்றார். ஆட்டோவில் போனோம். ஈசிஜி எடுத்த பெண் அதை எங்களிடம் கொடுக்காமல் நேரே உள்ளே எடுத்துக்கொண்டு ஓடினாள். சுபேதாரை அங்கேயே அட்மிட் செய்துவிட்டார்கள். மறுநாள் காலையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார், யார் வரச் சொன்னது என்று.

"நானேதான் டாக்டர் சாப். உடம்பு என்ன சொல்லுதுன்னு கேக்குற பழக்கம் எனக்கு எப்பவும் உண்டு" என்றார் சுபேதார். டாக்டர் மிகவும் பாராட்டினார்.

டாக்டர் போனபிறகு சுபேதார் என் கையைப் பிடித்தார். பட்டாளக்காரர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. "தம்பி, ஒரு பொம்பள சொல்லிப் பயந்து வந்தேன்னு வெளிய தெரிய வேணாம்பா. நானா வந்ததாவே இருக்கட்டும்." சரி என்றேன். குழாய்களோடு படுத்திருக்கிற மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஹாலில் சங்கக் கூட்டம் போட்டார்கள். கிளாஸைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதுதான் விஷயம். சுபேதார் வீட்டம்மா, நன்றாக இருந்த மனுஷனை மூன்று நாள் அவமானப்படுத்தி நெஞ்சுவலி வரவைத்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார். சுபேதாரும் வந்திருந்தார். இளைத்திருந்தார். தலையைக் குனிந்தபடி, எனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று மட்டும் சொன்னார். அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேறு இல்லை.

மிஸ்ராஜி கெட்டவர் இல்லை. அவர் ஃபைல்படி போகிறவர், அவ்வளவுதான். ரிஜிஸ்டரைப் பிரித்தார். பதிவின்படி, சுபேதார் சாப் கிளாஸுக்கு வந்த ஒவ்வொரு நாளும் சப் டீக். கையெழுத்து இருக்கிறது. ஆகவே கிளாஸுக்கு வரும்போது அவருக்கு நோய் இல்லை. மேடம்ஜிக்கு முன்பே தெரிந்திருந்தால் குறிப்புப் பத்தியில் எழுதியிருப்பார். பத்தி காலியாக இருக்கிறது. ஆகவே அவருக்கும் தெரியாது. அப்படியானால் நோய் எங்கே வந்தது? எல்லாரும் தலையாட்டினார்கள். மேடம் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் கண்ணால் பார்த்தது ரிஜிஸ்டரில் ஏறவில்லையே.

மேடம் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நான் பார்த்ததைச் சொன்னேன், அவர் போனார், பிழைத்தார், அவ்வளவுதான் என்றார். மிஸ்ராஜி சுபேதாரைப் பார்த்தார். சுபேதார், தானாகத்தான் போனேன் என்றார்.

அப்போதுதான் மிஸ்ராஜிக்கு என் நினைவு வந்தது. டிரைவர் சாப் தானே கூடப் போனவர், அவரே சொல்லட்டும், மேடம்ஜி சொல்லிப் போனதா, அவராகப் போனதா, இதில் ஒன்றைச் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன் என்றார். எழுந்து நின்றேன். மேடம் சொல்லித்தான் போனார் என்று மூன்று சொல். அதைச் சொல்லியிருந்தால் ஹால் அவர் கையில் இருந்திருக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை, மிஸ்ராஜி எழுதியதை எழுதியபடி நம்புகிறவர். ஆனால் சுபேதார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்த அதே பார்வை. யோசித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"மிஸ்ராஜி, அவரை விட்டுவிடுங்கள்" என்றார் மேடம் இந்தியில். எந்தக் கோபமும் இல்லை, கிளாஸில் யாரையாவது போதும் உட்காருங்கள் என்று சொல்கிற குரல். "அவருடைய ஒரு கால் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இதற்குமேல் அவரைக் கேட்கக் கூடாது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். வலது கால் மிஸ்ராஜியைப் பார்த்து நின்றது. இடது கால் கதவைப் பார்த்து நின்றது. எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது.

மேடம் எழுந்து போய் மேஜை மேல் சாவியை வைத்தார். மிஸ்ராஜி சாவி பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுத ஆரம்பித்தார். அவர் அதற்குக் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டும்போது நின்றார். ஏதாவது சொல்வார், நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"போங்க அண்ணாச்சி. எதுக்கு இன்னும் நிக்கீங்க? அதுக்குப் போகணும்னு இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்று என் காலைக் காட்டிச் சொன்னார்.

அவருக்கு முன்னால் நான் வெளியே வந்துவிட்டேன். நல்ல வெயில். மரத்தடியில் நின்று, அவர் கற்றுக்கொடுத்த மாதிரியே கண்ணை மூடி, பாதத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். முழங்கால், இடுப்பு, தோள், கழுத்து. ஒரு இடத்திலும் வலி இல்லை. பல வருஷத்தில் அவ்வளவு லேசாக நான் இருந்ததே இல்லை.